வெளிச்சம் பத்தவில்லை

என் அப்பாவின் காரில் ஆல்டர்னேட்டர் கெட்டுப் போனதைப் பற்றிக் கவிதையும் விமர்சனமும் வெளியாகும் ஒரு ஏட்டில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். நானும் இருபது வருஷத்துக்கு மேலாக இதை எழுதாமல்தான் இருந்தேன். போன மாதம் பழைய ஏடுகளை ஒழுங்கு பண்ணிக் கட்டி வைக்க உட்கார்ந்தபோது, 1986இல் நான் எழுதிய ஒரு மதிப்புரை கையில் அகப்பட்டது. மூன்று பக்கம். படித்து முடித்ததும் எனக்கு நினைவு வந்தது அதில் பேசப்பட்ட கவிதைத் தொகுதி அல்ல; புதுச்சத்திரம் தாண்டி இருட்டில் ஓரங்கட்டி நின்ற ஒரு அம்பாஸடர் கார். ஏன் அப்படி என்பதை எனக்கே விளக்கிக் கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

கார் 1972ஆம் வருஷத்து மார்க் 2. அப்பா ராசிபுரம் பக்கத்தில் ஒரு சேகோ ஆலையில் கணக்கு எழுதினார். ஜவ்வரிசி விலை விழுந்த ஒரு வருஷத்தில் ஆலையை மூடினார்கள். பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக முதலாளி தன் பழைய காரைக் கொடுத்தார். அது 1984. பணமாக வந்திருந்தால் வீட்டுக்கு ஒரு மாடி எழும்பியிருக்கும் என்பது அம்மாவின் நிரந்தரமான அபிப்பிராயம். அப்பா அப்படி நினைக்கவில்லை. நாற்பது வருஷம் அடுத்தவர் பணத்தை எண்ணியவருக்கு முதன்முதலாகத் தன்னுடையது என்று ஒன்று வந்திருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றுக் கொண்டார். மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஒரு நாளும் போனதில்லை. எந்தத் தேதியில் எவ்வளவு பெட்ரோல், எத்தனை மைல், எப்போது ஆயில் மாற்றியது என்று ஒரு நீள நோட்டில் பற்று வரவு எழுதி வந்தார்.

அம்பாஸடரைப் பற்றி இன்று சொன்னால் ஏக்கமாகவோ கேலியாகவோதான் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை வைத்து 1958இல் வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாராக ஆரம்பித்து, 2014இல் அங்கேயே நின்று போன வண்டி அது. அதன் விசேஷம் அழகோ வேகமோ அல்ல. எந்த ஊரிலும், எந்த மரத்தடியிலும், பானெட்டைத் தூக்கினால் உள்ளே இருப்பது இன்னது என்று ஒரு சாதாரண மனிதனுக்குப் புரியும். புரியும் என்ற இந்த நம்பிக்கையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதைப் பின்னால்தான் உணர்ந்தேன்.

வாங்கியபோது அதில் இருந்தது டைனமோ. எண்பதுகளின் கடைசியில் அப்பா அதைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டுக் கொண்டார். இரண்டும் செய்வது ஒரே வேலைதான். என்ஜின் ஓடும்போது ஃபேன் பெல்ட் இதைச் சுற்றும். சுற்றும்போது இது மின்சாரம் கொடுக்கும். வண்டிக்கு வேண்டியது போக மீதி பாட்டரிக்குப் போகும். பாட்டரி என்பது சேமிப்பு, சம்பாத்தியம் அல்ல. சம்பாதிப்பது இதுதான். அப்பா இதைக் கணக்குப்பிள்ளை பாஷையில்தான் சொல்வார்: 'பாட்டரி கைருப்பு, டைனமோதான் வரவு.' ஆல்டர்னேட்டர் வந்த பிறகும் அவருக்கு அது டைனமோதான். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இன்றும் அப்படித்தான்.

*

2003 மார்ச்சில் ஒரு காலை வண்டி கிளம்பவில்லை. செல்ப் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றது. தெருப் பையன்கள் தள்ளி ஸ்டார்ட் ஆயிற்று. நான் சேலத்துக்குக் கொண்டு போனேன். அங்கே ஒரு ஒர்க் ஷாப்பில் இருந்தவர் என்ஜினை ஓடவிட்டு, பாட்டரியின் டெர்மினலை ஒரு இழுப்பில் உருவினார். என்ஜின் நிற்கவில்லை. 'பாத்தீங்களா, டைனமோ சூப்பரா இருக்குது. பாட்டரிதான் போச்சு' என்றார். எனக்கு அந்தச் சோதனையின் எளிமை மிகவும் பிடித்திருந்தது. ஒன்றை நீக்கிப் பார். மற்றது தாங்குகிறதா என்று பார். தர்க்க சாஸ்திரம் மாதிரி இருந்தது. புது பாட்டரி போட்டுக் கொண்டு திரும்பினேன்.

அப்பா சனிக்கிழமைதோறும் நாமக்கல் போவார். ஆஞ்சநேயரைப் பார்க்க. மேலே கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற, பதினெட்டு அடி உயர ஒற்றைக்கல் சிலை அது. சாயங்காலம் போய்த் தரிசனம் பண்ணிவிட்டு, பழைய சிநேகிதர் ஒருவரோடு கமலாலயக் குளத்துப் பக்கம் உட்கார்ந்து பேசிவிட்டு, எட்டு எட்டரைக்குக் கிளம்புவார். ஆண்டகளூர்கேட் வரைக்கும் தேசிய நெடுஞ்சாலை. அப்போது அது ஏழாம் எண், இன்று நாற்பத்து நான்கு. அன்று நான்கு வழிச் சாலை வரவில்லை. எதிரே வரும் லாரியும் நாமும் ஒரே தாரில் நேருக்கு நேர்.

பாட்டரி மாற்றிய மூன்றாவது வாரம் அவர் சொன்னார்: 'டேய் கண்ணு, ராத்திரியில வெளிச்சம் பத்தலடா.'

நான் மறுநாள் காலை ஷெட்டுக்குள் வைத்து ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன். சுவரில் இரண்டு மஞ்சள் வட்டம் பளிச்சென்று விழுந்தது. நன்றாகத்தானே எரிகிறது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரமும் சொன்னார். அதற்கடுத்த வாரம் இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார்: 'டாஷ் போர்டில ஒரு பொட்டு மாதிரி செவப்பா தெரியுது. எரியறதும் இல்ல, அணையறதும் இல்ல.' நான் பகலில் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். சிவப்பு எதுவும் இல்லை.

அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. வலது கண்ணில் புரை எடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இருட்டில் வெளிச்சம் பத்தவில்லை. இல்லாத இடத்தில் சிவப்புப் பொட்டு தெரிகிறது. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் பார்த்துவிட்டு, எடுத்த கண் நன்றாக இருக்கிறது, இடது கண்ணில் புரை ஆரம்பம், இப்போது அவசரம் இல்லை என்றார். ராத்திரியில் கார் ஓட்டலாமா என்று நான்தான் கேட்டேன். இந்த வயதில் தவிர்ப்பது நல்லதுதானே என்றார். எந்த டாக்டரும் அப்படித்தான் சொல்வார். நான் அதைத் தீர்ப்பாக எடுத்துக் கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் சாவியை என் மேஜை டிராயரில் போட்டேன். 'எங்க போகணும்னாலும் சொல்லுங்கப்பா, நான் கூட்டிட்டுப் போறேன்' என்று சொன்னேன். அன்பாகத்தான் சொன்னேன் என்பது இன்று நினைத்தால் இன்னும் மோசமாக இருக்கிறது.

அப்பா வாதாடவில்லை. நீள நோட்டில் அந்த வாரத்திலிருந்து பெட்ரோல் கணக்கு என் கையெழுத்தில் இருக்கிறது. சனிக்கிழமை பஸ்ஸில் போக ஆரம்பித்தார்.

*

ஜூலையில் மோகனூரில் அத்தை தவறிப் போனாள். காவிரிக் கரையில் எல்லாம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது மணி எட்டு. நான் ஓட்டினேன். அப்பா பக்கத்தில், அம்மா பின்னால். அந்த நான்கு மாதத்தில் நான் அந்த வண்டியை இரவில் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. இதை நான் அப்போது கவனிக்கவில்லை.

நாமக்கல் ஊருக்குள் தெருவிளக்கு இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. சேலம் சாலையில் ஏறியதும், கண்ணாடி அழுக்கோ என்று வைப்பரைப் போட்டேன். வைப்பர் மெதுவாக, தயங்கித் தயங்கி நகர்ந்தது. கண்ணைத் துடைத்துக் கொண்டேன். சாவு வீட்டில் அழுதிருந்தேன், அதுதான் என்று நினைத்தேன். எதிரே வந்த லாரிக்காக இடது காலால் டிப்பர் பட்டனை மிதித்தேன், லாரி போன பின் மறுபடி மிதித்தேன், வித்தியாசம் தெரியவில்லை. புளிய மரங்களில் அடித்திருந்த வெள்ளைப் பட்டைகள் முதலில் பத்து தெரிந்தன, பிறகு ஐந்து, பிறகு இரண்டு. புதுச்சத்திரம் தாண்டும்போது எனக்கு முன்னால் இருந்தது தேநீர் நிறத்தில் ஒரு கறை, அவ்வளவுதான்.

அப்போது பார்த்தேன். டாஷ் போர்டில் ஒரு சிவப்பு. எரிகிறது என்று சொல்ல முடியாது, அணைந்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அணையப் போகும் பீடி நுனி மாதிரி.

ஓரங்கட்டினேன். நான் அப்பாவைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. 'இப்பத் தெரியுதா' என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கொல்லிமலைப் பக்கம் இருட்டைப் பார்த்துக் கொண்டிருந்தார். அம்மாதான் பின்னாலிருந்து, 'ஏன் நின்னுட்ட?' என்றாள்.

ஒரு லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து ஒரு நிமிஷம் பார்த்தார். 'சார்ஜ் ஏறலீங்க. லைட்ட அணைச்சிட்டு என் பின்னாடியே வாங்க, நாஞ் சின்னதா போறேன்' என்றார். அவருடைய பின்விளக்கைப் பிடித்துக் கொண்டு, விளக்கில்லாமல், ஆண்டகளூர்கேட் வரை வந்தோம். அவர் திரும்பச் சொல்லிக் கொடுத்த முகவரிதான் நாமக்கல் பரமத்தி சாலையில் ஒரு எலக்ட்ரீசியன் கடை.

*

லாரிக்கு பாடி கட்டுகிற ஊர் நாமக்கல். சேஸிஸ் மட்டுமாக, தகரம் கூட இல்லாமல், டிரைவர் முண்டாசு கட்டிக் கொண்டு ஓட்டி வரும் வண்டிகள் இங்கே வந்துதான் மரமும் இரும்பும் பெயின்ட்டும் சேர்ந்து லாரி ஆகின்றன. இந்தியாவின் எந்த மாநிலத்துச் சாலையிலும் நாமக்கல்லில் கட்டிய லாரியைப் பார்க்கலாம். கேஸ் டாங்கர்களும், திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக்குகளும், சங்ககிரி லாரிகளும் சேர்ந்து இந்தப் பிரதேசமே பாதி சாலையில்தான் வாழ்கிறது. ஆகவே இரவில் ஓடும் வண்டியைத் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். முதலில் வண்டியைத் தொடவே இல்லை. கேட்டார்: எப்போது தெரிந்தது, பகலிலா இராத்திரியிலா, மெதுவாகப் போகும்போதா வேகத்திலா, சிவப்பு விளக்கு எப்படி எரிந்தது. நான் பதில் சொல்லச் சொல்ல அவர் அப்பாவைத்தான் பார்த்துக் கொண்டிருந்தார். கடைசியில், 'பெரியவரே, நீங்க சொல்லுங்க' என்றார். அப்பா சொன்னார். மார்ச்சிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எந்த இடத்தில் வெளிச்சம் குறைய ஆரம்பித்தது என்று தேதிவாரியாகச் சொன்னார். முதல் வாரம் ஆண்டகளூர்கேட் கிட்டே, அடுத்த வாரம் அதற்கு முன்னால், கடைசியாகப் புதுச்சத்திரத்திலேயே. எனக்குத் தெரியாமல் எல்லாம் அந்த நோட்டில் இருந்திருக்கிறது. நான் அதைத் திறந்து அடுத்த வரியில் என் கணக்கை எழுதியவன். மேலே இருந்ததைப் படிக்கவில்லை.

பிறகுதான் மீட்டரை எடுத்தார். பெல்ட்டை முதலில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்; அரை அங்குலம் அமுங்கியது, அது சரி. பாட்டரி முனைகளைப் பார்த்தார், என்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் கம்பியைப் பார்த்தார். என்ஜின் ஓடாமல் பாட்டரியில் 12.3 வோல்ட். ஓடவிட்டதும் 13. இது நல்ல நிலையில் பதினான்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்; ஆனால் பதின்மூன்று என்பது சந்தேகத்தைத் தூண்டாத ஒரு எண். 'இதோட நிறுத்தினா வண்டி நல்ல வண்டிங்க' என்றார். பிறகு ஹெட்லைட்டைப் போட்டார். முள் 12க்கு வந்தது, அங்கே நிற்காமல் இறங்கிக் கொண்டே இருந்தது. ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தால் கொஞ்சம் ஏறியது, விட்டால் விழுந்தது. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து எட்டு, பத்து ஆம்பியர் கேட்கும். பகலில் யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்காதவரை அது இல்லை என்று தெரிவதில்லை.

கழற்றுவது பெரிய வேலை இல்லை. பாட்டரியின் எர்த்தை எடுத்தார். தடித்த சார்ஜிங் ஒயரையும் மெல்லிய ஒயர்களையும் அடையாளம் வைத்துப் பிரித்தார். இழுவைப் பட்டையின் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை நழுவவிட்டு, கீழ் போல்ட்டை உருவி, அந்த அலுமினியக் கட்டியைக் கையில் எடுத்தார். திறந்து காட்டினார். நடுவில் சுற்றுகிற ரோட்டார். அதற்கு மின்சாரம் கொண்டு போகிற இரண்டு கார்பன், இரண்டும் தேய்ந்து முனை மட்டும் மிச்சம். சுற்றிலும் ஸ்டேட்டாரின் மூன்று சுற்று; ஒன்று தேன் நிறத்துக்குப் பதிலாகக் கருத்திருந்தது. பின்னால் டயோடு தட்டு. சுற்றும் காந்தம் கம்பியில் மின்சாரத்தை எழுப்பும் என்பது 1831இல் ஃபாரடே கண்ட விஷயம். ஆனால் அப்படி எழுகிற மின்சாரம் முன்னும் பின்னுமாக அலைவது. பாட்டரிக்கு அது ஆகாது. அதை ஒரே திசையில் போக விடுகிற வாயிற்காவலர்கள் இந்த டயோடுகள். சிலிக்கன் டயோடுகள் மலிவாகிய 1960 வாக்கில்தான் காருக்குள் ஆல்டர்னேட்டர் பரவலாக வர முடிந்தது. ஆறில் ஒன்று போயிருந்தது. மீதி ஐந்தும் வேலை செய்தன. அதனால்தான் வண்டி நிற்கவில்லை. நின்றிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

'ஓடுற வண்டியில யாராச்சும் டெர்மினல உருவிப் பாத்தாங்களா?' என்று கேட்டார். பார்த்தார்கள் என்றேன். 'டைனமோவுக்கு அது நடக்குமுங்க. இதுக்கு ஆகாது. பாட்டரிய எடுத்தா வோல்டேஜ் எகிறிப் போய் டயோட அடிச்சிரும். அதாலதான்னு சொல்ல மாட்டேன். அதாலயும் இருக்கலாம்.' எனக்கு அவ்வளவு பிடித்திருந்த அந்தச் சோதனை, சோதிக்கப்பட்ட பொருளையே சேதப்படுத்தக் கூடியது. பழைய இயந்திரத்துக்கு உண்டான அளவுகோலைப் புதியதன்மேல் வைத்து, தேறியது என்று சான்றிதழும் கொடுத்தாயிற்று.

அந்தச் சிவப்புப் பொட்டைப் பற்றி நான் கேட்டேன். அவர் சொன்னது எனக்கு முழுதும் புரியச் சில நாள் ஆயிற்று. விளக்கின் ஒரு பக்கம் பாட்டரி, மறுபக்கம் ஆல்டர்னேட்டர். இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக இருந்தால் விளக்கு எரியாது. ஆல்டர்னேட்டர் சுத்தமாக நின்று போனால் முழுதாக எரியும். பாதி கெட்டிருந்தால் பாதி வித்தியாசம். மங்கலாக எரியும், இருட்டில் மட்டுமே தெரிகிற மாதிரி. அப்பா பார்த்தது அதைத்தான். இன்னொன்றும் சொன்னார். அந்த விளக்கு வெறும் எச்சரிக்கை இல்லை. என்ஜின் கிளம்புகிற கணத்தில் ரோட்டார் காந்தமாவதற்கு வேண்டிய முதல் மின்சாரம் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் எச்சரிக்கை மட்டும் போகாது. பல வண்டிகளில் சார்ஜே ஏறாமல் போகும்.

கார்பன் மாற்றலாம், டயோடு தட்டு மாற்றலாம், காயில் சுற்றலாம். லாரிகளுக்கு இன்றும் சுற்றிக் கொடுக்கிறேன் என்றார். ஆனால் பேரிங்கும் இரைகிறது, எல்லாம் சேர்ந்தால் புதிதின் விலையில் பாதிக்கு மேல் வரும், அப்போதும் பழசுதான். புதிதே போட்டோம். பெல்ட்டின் தடம் நேராக இருக்கிறதா என்று குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, பெல்ட்டையும் புதிதாகப் போட்டு இழுத்து முடுக்கினார். ஓடவிட்டார்: 14.1. ஹெட்லைட், வைப்பர், ஹார்ன் எல்லாம் போட்டார்: 13.7. இறங்கவில்லை. அப்போதும் அவர், 'ராத்திரி ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுக் காசு கொடுங்க' என்றார்.

*

வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பல்பின் வெளிச்சம் பாதியாகக் குறைந்து போகும். பிற்பாடு படித்துத் தெரிந்து கொண்டேன். ஆனால் அது ஒரே கணத்தில் குறைவதில்லை. சிறுகச் சிறுகக் குறையும்போது கண்ணும் அதோடு கூடவே பழகிக் கொண்டு போகிறது. குறைகிறது என்று கண்டுகொள்வதற்கே ஒரு கூர்மை வேண்டும். அந்தக் கூர்மை இருந்த கண்ணைத்தான் நான் பழுது என்று தீர்மானித்தேன்.

இப்போது அந்த மதிப்புரை. 1986. கவிஞர் பள்ளிபாளையத்தில் விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்த்த இளைஞர். சொந்தச் செலவில் நாற்பது பக்கத்தில் ஒரு தொகுதி போட்டிருந்தார். அவற்றில் பெரும்பான்மை இருட்டைப் பற்றி, தூக்கமின்மை பற்றி, முகங்கள் மங்கிப் போவதைப் பற்றி. நான் அந்தச் சமயத்தில் காஃப்காவும் காம்யுவும் படித்திருந்தேன். ஆகவே அவரும் அவற்றைத்தான் படித்துவிட்டு எழுதுகிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. 'இது இரவல் இருட்டு' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் எனக்குப் பெருமை இருந்தது. நண்பர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எழுத்து பத்திரிகை 1959இல் தொடங்கிய காலத்திலிருந்தே புதுக்கவிதைமேல் சொல்லப்பட்டு வந்த குற்றச்சாட்டு இருண்மை. அந்தக் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடிய தரப்பில் நிற்பதாக நினைத்துக் கொண்டிருந்த நானே, எங்கள் ஜில்லாக்காரர் ஒருவர் வந்தபோது அதை எடுத்து வீசினேன்.

அவர் ஒரு போஸ்ட் கார்டு போட்டார். கோபம் இல்லை. ஒரே ஒரு கேள்வி: 'நீங்கள் இராத்திரியில் இந்தப் பக்கம் வந்திருக்கிறீர்களா?' நான் பதில் போடவில்லை. பிறகு அவர் கவிதை எதையும் நான் எங்கும் பார்க்கவில்லை. என் மூன்று பக்கத்தால்தான் அவர் எழுதாமல் போனார் என்று சொன்னால் அது என்னை நானே பெரிதாக்கிக் கொள்வது. அதாலதான்னு சொல்ல மாட்டேன். அதாலயும் இருக்கலாம்.

உவமையை ரொம்ப இழுக்கக் கூடாது. கவிதை ஆல்டர்னேட்டர் அல்ல. அதற்கு மீட்டர் கிடையாது. அந்தத் தொகுதியை இப்போது மறுபடி படித்தேன். எல்லாம் நல்ல கவிதைகள் என்று சொல்ல வரவில்லை. பாதிக்கு மேல் சுமார்தான். நான் சொன்ன இரவலும் சில இடங்களில் இருக்கத்தான் செய்கிறது. அப்பாவின் இடது கண்ணில் புரை ஆரம்பித்திருந்ததும் பொய் இல்லையே. என் தவறு தீர்ப்பில் இல்லை, அதற்கு வந்த வழியில் இருக்கிறது. இருட்டாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் இரண்டு சாத்தியம் உண்டு: பார்ப்பவரின் கண், அல்லது விளக்கு. நான் இரண்டு தடவையும் விளக்கைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டுக் கண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். அந்த நாமக்கல்காரர் செய்த முதல் காரியம் கேட்டது. இரண்டாவது, சுமையை ஏற்றிப் பார்த்தது. விமர்சனம் என்ற பெயரில் நாங்கள் செய்தவற்றில் இந்த இரண்டும் எத்தனை தடவை நடந்தது என்று இன்று எண்ணிப் பார்க்கிறேன். அதிகம் தேறவில்லை.

*

அன்று கடையிலேயே பொழுது சாய்ந்துவிட்டது. ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டே போகலாம் என்று அப்பா சொன்னார். சன்னதியில் நின்று வந்து, குளத்துப் பக்கம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, எட்டரைக்கு வண்டிக்கு வந்தோம். நான் சாவியை நீட்டினேன்.

'நீங்க ஓட்டுங்கப்பா.'

அவர் சாவியைப் பார்த்தார். வாங்கிக் கொள்வார் என்றுதான் நினைத்தேன். நான் நீட்டியதில் மன்னிப்பும் இருந்தது. அது அவருக்குப் புரிந்திருக்கும் என்றும் நினைத்தேன்.

'இல்ல, நீயே ஓட்டு' என்றார். 'நாலு மாசமாச்சு. கை விட்டுப் போச்சு.'

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கை முடித்துக் கோடு போடுகிற தொனியில்தான் சொன்னார். நான் இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் எனக்குள் எங்கேயோ ஒரு ஆறுதல் இருந்ததுதான் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

சேலம் சாலையில் ஏறினோம். வெளிச்சம் புளிய மரங்களின் கடைசிப் பட்டை வரைக்கும் போய் விழுந்தது. சாலையைக் குறுக்கே கடந்த ஒரு நாயின் கண் இரண்டும் தூரத்திலேயே மின்னின. புதுச்சத்திரம் வந்தபோது அப்பா டாஷ் போர்டின் பக்கம் லேசாகச் சாய்ந்து, சிவப்பு விளக்கு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். அங்கே இருட்டாக இருந்தது. சாய்ந்து உட்கார்ந்து கொண்டார்.

அதன் பிறகு அவர் அந்த வண்டியை ஓட்டவே இல்லை. 2009இல் காலமானார். வீட்டுக்கு வந்த அந்த இரவு நீள நோட்டை எடுத்து அவரே எழுதியிருக்கிறார். அதற்கப்புறம் அதில் அவர் கையெழுத்து இல்லை. தேதி, ஆல்டர்னேட்டர், பெல்ட், கூலி, மொத்தம். அதற்குக் கீழே, சிலாகிக்கவும் இல்லாமல் குற்றம் சொல்லவும் இல்லாமல், ஒரு வரி: வெளிச்சம் சரி.